கொழுப்பு – சொல்லும் நோயும்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிகுளத்தை வெளியூரார் இரண்டு காரணங்களால் அறிவர். குன்றின்மேல் கையில் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணி ஒரு காரணம். சின்ன வெங்காயம் மற்றொன்று. அவ்வட்டாரத்தில் விளையும் வெங்காயம் பட்டறைகளில் காற்றோட்டமாக இருப்பு வைக்கப்பட்டு, விலை பார்த்து வெளியூர்ச் சந்தைகளுக்குப் போகிறது. அதனோடு ஒரு நம்பிக்கையும் மூட்டையேறிப் போகிறது: காலையில் பழைய சோற்றோடு நான்கு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டால் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்துவிடும் என்பது. இந்நம்பிக்கை தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானது. செட்டிகுளம் அதற்கு வெங்காயம் தருகிறது, அவ்வளவே.

வெங்காயத்தின்மீது நமக்குப் பகை ஏதுமில்லை. வெங்காயத்தைக் கொண்டு நடந்த சிறு ஆய்வுகள் சிலவற்றில் கொலஸ்ட்ரால் சற்றுக் குறைந்ததும் உண்மைதான். ஆனால் அந்தக் குறைவு, மாரடைப்புக்கு அருகில் நிற்கும் ஒருவரைக் காப்பாற்றப் போதுமானதன்று. நம்முடைய கவலை வெங்காயத்தில் இல்லை. 'கொழுப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. இந்த ஒரு சொல் நோயுள்ளவரை நலமானவராகவும், அவசரமில்லாதவரை நோயாளியாகவும் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவம் இன்று இந்நோயை ஆளுக்கு ஆள் வேறுபடுத்திப் பார்க்கிறது. நம் மொழியோ எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறது. மருத்துவரின் சீட்டுக்கும் நோயாளியின் நாவுக்கும் இடையில் மாத்திரை தவறி விழுவது இந்த இடைவெளியில்தான் என்பது நம் எண்ணம்.

*

கொழுப்பு என்பது கொழுத்தல் என்னும் வினையிலிருந்து வந்த பெயர். கொழுத்தல் என்றால் பருத்தல், செழித்தல், வளமுறுதல். ஊனோடு ஒட்டிய கொழுப்பைக் குறிக்கப் பழந்தமிழில் 'நிணம்' என்ற தனிச்சொல் இருந்தது. இன்றைய பேச்சில் அந்த இடத்தையும் கொழுப்பே எடுத்துக்கொண்டுவிட்டது. கூடவே இன்னொரு பொருளும் ஏறி அமர்ந்திருக்கிறது. 'உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு' என்று ஒருவர் சொன்னால் யாரும் இரத்தப் பரிசோதனைக்குப் போவதில்லை, கைகலப்புதான் நடக்கும். உண்டு கொழுத்தவன், கொழுப்பெடுத்தவள், பணக்கொழுப்பு என்று இச்சொல்லின் குடும்பம் முழுக்கத் திமிருக்கும் செல்வத்துக்கும் ஊண்மிகுதிக்கும் உறவாக நிற்கிறது.

இப்படிப்பட்ட சொல்லை ஒரு மருத்துவர் சீட்டைப் பார்த்தபடி சொல்கிறார்: 'உங்களுக்குக் கொழுப்பு இருக்கிறது.' கேட்பவர் வெங்காயக் காட்டில் களையெடுத்து வந்தவர். எலும்பும் தோலுமாக இருப்பவர். ஆண்டுக்கு நான்கு முறை கறி தின்றாலே அதிகம். அவர் சிரிக்கிறார், அல்லது கோபித்துக்கொள்கிறார். எப்படியாயினும் நம்புவதில்லை. அவருடைய அனுபவத்தில் கொழுப்பு என்பது வசதி படைத்தவரின் வயிற்றில் இருப்பது. தம்மைப் பற்றி அவர் அறிந்த எல்லாவற்றுக்கும் முரணான ஒரு செய்தியை ஏற்க மறுப்பதில் பிழையென்ன? பிழை செய்தியைச் சுமந்து வந்த சொல்லில் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் என்ற சொல்லுக்கு இத்தகைய பழி இல்லை. பித்தப்பைக் கற்களில் கிடைத்த பொருளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் கிரேக்க மொழியிலிருந்து சூட்டிய பெயர் அது. பித்தம், திடம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் போன்ற கொழுப்பன்று அது. ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் அது இருக்கிறது. ஆண்மை, பெண்மைச் சுரப்புகளும் வைட்டமின் டியும் பித்தநீரும் அதிலிருந்தே உண்டாகின்றன. உடலிலுள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. தட்டிலிருந்து வருவது சிறுபகுதி. இரத்தத்தில் அதைச் சுமந்து செல்லும் துகள்களில் ஒருவகை எல்.டி.எல். அதை இரத்தத்திலிருந்து உள்வாங்கி அப்புறப்படுத்தும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காகவே மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிகள் குறைவாக உள்ளவர் உண்ணாநோன்பு இருந்தாலும் அவர் இரத்தத்தில் எல்.டி.எல். மிகும். மெலிந்த உடலும் எளிய உணவும் இதற்கு முழுக் காப்பு அல்ல.

*

மெலிந்தவருக்கும் இது உண்டா என்ற ஐயத்துக்கு இந்திய ஆய்வுகளே விடை தருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையுடன் சேர்ந்து நடத்திய ஆய்வின் முதற்கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவை இடம்பெற்றன. 2014இல் வெளியான அதன் முடிவுப்படி, பரிசோதிக்கப்பட்டோரில் 79 சதவீதத்தினருக்கு இரத்தக் கொழுமங்களில் ஏதேனும் ஒன்று இயல்புக்கு மாறாக இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர் 13.9 சதவீதத்தினர்தாம். ட்ரைகிளிசரைடு மிகுந்தவர் 29.5 சதவீதத்தினர். நன்மை செய்வதாகக் கருதப்படும் எச்.டி.எல். குறைந்தவரோ 72.3 சதவீதத்தினர். நாடு முழுவதையும் உள்ளடக்கிய முடிவுகள் 2023இல் வந்தபோதும் இச்சித்திரம் பெரிதும் மாறவில்லை. இக்கோளாறு உள்ளோர் 81.2 சதவீதம்.

இந்த எண்களை நாம் நிதானமாக வாசிக்க வேண்டும். மேலை நாட்டுப் பாடநூல் காட்டும் நோயாளி இறைச்சியும் வெண்ணெயும் தின்று எல்.டி.எல். ஏறியவர். நம்மூர் நோயாளியிடம் அடிக்கடி காணப்படும் கோலம் வேறு: எல்.டி.எல். நடுத்தரம், ட்ரைகிளிசரைடு மிகுதி, எச்.டி.எல். குறைவு, கூடவே சர்க்கரை. அரிசியை மலையாகக் குவித்து, பருப்பையும் காயையும் மருந்துபோல் தொட்டுக்கொள்ளும் தட்டுக்கும் இதில் பங்குண்டு. இந்தியர் தம் உணவாற்றலில் ஏறத்தாழ 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பெறுகின்றனர் என்று அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் தெரிவித்தது. ஆகவே 'நான் எண்ணெயே சேர்ப்பதில்லை' என்று சொல்பவர் உண்மையையே சொல்கிறார். அவருடைய சிக்கல் எண்ணெய்ச் சட்டியில் இல்லாமல் சோற்றுப் பானையில் இருக்கலாம்.

விளைவு என்ன? 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தொடர்ச்சியாக, தெற்காசியரைப் பற்றிய பகுதி 2007இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் நடுவயது பிற நாட்டாருக்கு ஏறத்தாழ 59, நமக்கு 53. ஆறு ஆண்டு என்பது தாளில் சிறிய வேறுபாடு. மகளுக்குத் திருமணம் ஆகாத, மகன் படிப்பை முடிக்காத, கூட்டுறவுக் கடன் அடைபடாத வீட்டில் அது சிறிய வேறுபாடன்று.

*

இனி ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்பதைப் பார்ப்போம். இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் இந்தியருக்கென்றே கொலஸ்ட்ரால் வழிகாட்டு நெறிகளை முதன்முறையாக வெளியிட்டது. அதன் சாரம் எளியது: எல்லார்க்கும் பொருந்தும் ஒரே 'நார்மல்' கிடையாது. இடர் குறைந்தவருக்கு எல்.டி.எல். 100க்குக் கீழே இருந்தால் போதும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றால் இடர் மிகுந்தவருக்கு 70க்குக் கீழே. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 55க்குக் கீழே. ஒரே ஆய்வகம் ஒரே தாளில் அச்சிடும் 95 என்ற எண் ஒருவருக்கு நிம்மதி, மற்றொருவருக்கு எச்சரிக்கை, மூன்றாமவருக்கு அபாயம். ஆனால் தாளின் வலப்பக்கத்தில் அச்சாகியிருக்கும் 'இயல்பு அளவு' மூவருக்கும் ஒன்றே. மூவரும் அதைப் பார்த்துத்தான் மாத்திரையை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்கின்றனர்.

முதலில் மாரடைப்பு கண்டு மீண்டவரை எடுத்துக்கொள்வோம். இவருக்கு விவாதமே இல்லை. ஸ்டேட்டின் வகை மாத்திரை வாழ்நாள் முழுதும் தேவை. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு, இதயநோய் உள்ள 4,444 பேரை வைத்து, இம்மாத்திரை உயிரிழப்பைக் குறைக்கிறது என்பதை நிறுவிவிட்டது. ஆயினும் நம்மைப் போன்ற நாடுகளில் நிலைமை வேறு. பல நாடுகளை ஆராய்ந்த ப்யூர் ஆய்வு 2011இல் சொன்னது: இதயநோயோ பக்கவாதமோ வந்தவருள் ஸ்டேட்டின் எடுத்துக்கொண்டோர் செல்வ நாடுகளில் 66.5 சதவீதம், இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளில் 3.3 சதவீதம். வெட்கப்பட வேண்டிய எண் அது. மாத்திரையை நிறுத்துபவர் சொல்லும் காரணமும் நமக்குத் தெரிந்ததே: 'டெஸ்ட் எடுத்தேன், கொழுப்பு குறைஞ்சிருச்சு.' மாத்திரை போட்டதனால் குறைந்தது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. கரைந்துவிட்ட ஒன்றை மறுபடி கரைப்பானேன் என்று அவர் நினைக்கிறார்.

அடுத்து நீரிழிவு உள்ளவர். இவருடைய எல்.டி.எல். பெரும்பாலும் நடுத்தரமாகவே தெரியும். ஆனால் துகள்கள் சிறியனவாகவும் அடர்ந்தனவாகவும் இருப்பதால், அதே அளவு எல்.டி.எல்.லுக்குள் துகள்களின் எண்ணிக்கை மிகுதி. அதனால்தான் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து வரும் அளவையும் பார்க்கச் சொல்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்த நீரிழிவாளருக்கு எல்.டி.எல். எண் எதுவாயினும் ஸ்டேட்டின் தருவது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. சர்க்கரை மாத்திரையை நாள் தவறாமல் விழுங்கிக்கொண்டு 'கொழுப்பு மாத்திரை' வேண்டாமென்று ஒதுக்குபவர் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவைத் திறந்து வைக்கிறார். நீரிழிவாளர் பலரின் உயிரைப் பறிப்பது சர்க்கரையன்று. இதயக் குழாயின் அடைப்பே.

மூன்றாமவர் யார் கண்ணிலும் படாதவர். பரம்பரையாக எல்.டி.எல். மிகுந்தவர். உலகளவில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். ஒல்லியாக இருக்கலாம், சைவராக இருக்கலாம், இருபது வயதுப் பெண்ணாக இருக்கலாம். எல்.டி.எல். 190க்கு மேல் இருப்பதும், குதிகால் நரம்பிலோ விரல் மூட்டிலோ கட்டி தோன்றுவதும், இளவயதிலேயே கருவிழியைச் சுற்றிச் சாம்பல்நிற வளையம் தெரிவதும் அடையாளங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருவருக்கும் இருந்து, இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வந்துவிட்டால் நோய் மிகக் கடுமையாகும். குழந்தைப் பருவத்திலேயே இதயம் தாக்கப்படலாம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம் சமூகத்துக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 'எங்க வம்சத்துலயே ஆம்பளைங்க நாப்பதத் தாண்ட மாட்டாங்க' என்று சாபத்தின் கணக்கில் எழுதப்பட்ட குடும்பங்களில் சிலவற்றுக்கேனும் விடை இந்த ஏற்பிக் குறைவில் இருக்கக்கூடும். ஒருவருக்குக் கண்டால் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தைகளுக்குக்கூட எட்டு, பத்து வயதிலிருந்து மருந்து தருகிறார்கள். இங்கே வெங்காயமும் வெந்தயமும் வெறும் வேடிக்கை.

பெண்களின் கணக்கு தனி. மாதவிடாய் நிற்கும்வரை ஓரளவு இயற்கைக் காப்பு உண்டு, அதன்பின் எல்.டி.எல். ஏறுகிறது. ஏறும் வயதில்தான் அவர்கள் தம் உடம்பைக் கடைசியாகப் பார்த்துக்கொள்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். நெஞ்சுவலியை 'வாயு' என்று சொல்லி இஞ்சிச்சாற்றோடு முடித்துக்கொள்வதும் பெரும்பாலும் அவர்களே. கருவுற்ற காலத்தில் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் இயல்பாகவே உயரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கருவுற எண்ணும் பெண்கள் பொதுவாக ஸ்டேட்டினை நிறுத்த வேண்டும். இடர் மிகுந்த சிலரைப் பொறுத்தவரை மருத்துவர் முடிவு செய்வார். தைராய்டு குறைவாகச் சுரப்பதாலும் கொலஸ்ட்ரால் ஏறும். அதைப் பார்க்காமல் கொலஸ்ட்ராலுக்கு மட்டும் மருந்து தருவது ஓட்டைக் கூரையின் கீழ் பாத்திரம் வைப்பது போன்றது.

முதியோரிடம் அளவு வேண்டும். எழுபத்தைந்தைக் கடந்தவருக்கு ஏற்கெனவே இதயநோய் இருந்தால் மாத்திரை தொடரலாம். நோயின்றி இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவதன் நன்மை பற்றிய சான்று, இளையவர் விஷயத்தில் உள்ளதைப் போல வலுவானதன்று. எஞ்சிய ஆயுள், மற்ற மருந்துகள், அவர் விருப்பம் எல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாக ஸ்டேட்டின் தொடங்க வேண்டாம், முன்பே எடுத்துக்கொண்டிருந்தால் தொடரலாம் என்பது 2013 முதல் உள்ள சர்வதேச நெறி. ட்ரைகிளிசரைடு 500ஐத் தாண்டியவருக்கு இதயத்துக்கு முன்பே கணையம் அழற்சி காணலாம். மதுவை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் அவருக்கு முதல் மருந்து.

இறுதியாக, மருந்தே தேவைப்படாதவர். முப்பது வயது, புகையில்லை, சர்க்கரையில்லை, அழுத்தமில்லை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இல்லை, எல்.டி.எல். 125. நகரத்து 'மாஸ்டர் செக்கப்' தாளில் இந்த எண் சிவப்பில் வரும். அவர் இரவெல்லாம் தூங்குவதில்லை. இவருக்கு வேண்டியது நடையும் உணவு மாற்றமும் சில ஆண்டு கழித்து மறுபரிசோதனையும்தான். வேண்டாதவருக்கு மிகையும் வேண்டியவருக்கு வறட்சியும் ஒரே நாட்டில், ஒரே மாவட்டத்தில், சில சமயம் ஒரே வீட்டில் நிகழ்கின்றன.

*

மாத்திரையின்மீதுள்ள அச்சத்தையும் பேசியாக வேண்டும். 'இயற்கைக்கு மாறான ரசாயனம்' என்பது பெருவழக்கான குற்றச்சாட்டு. ஸ்டேட்டினின் பிறப்பு அக்குற்றச்சாட்டுக்கு இசைவாக இல்லை. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஏறத்தாழ 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்து 1973இல் முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். 2024 ஜூனில் தம் தொண்ணூறாம் வயதில் அவர் மறைந்தபோது தமிழ் இதழ்களில் அதைப் பேசியவர் அரிது. கோடிக்கணக்கானோரின் ஆயுளை நீட்டிய மனிதருக்கு நாம் எழுதாத இரங்கற்பா அது.

பக்கவிளைவுகள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. தசைவலி சிலருக்கு வருகிறது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவருக்கு அது சற்று முன்னதாக வரலாம். கடும் தசைச்சிதைவும் கடுங்கல்லீரல் பாதிப்பும் மிக அரிது. ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பானது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியவர்களுக்கே சில மாதம் ஸ்டேட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும், எது எதுவென்று சொல்லாமல் தந்தனர். ஸ்டேட்டின் மாதங்களில் உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யன்று, காரணந்தான் வேறு. சொல் உடலில் வலியாக இறங்கும் என்பதை இலக்கிய வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வலி உண்மையில் மருந்தால் வந்தாலும் அளவைக் குறைக்கலாம், வேறு வகைக்கு மாறலாம். தானாக நிறுத்துவது ஒன்றே வழியன்று.

உணவைப் பற்றியும் ஒரு சொல். உணவு மாற்றத்தால் மட்டும் எல்.டி.எல். குறைவது பொதுவாக 10, 15 சதவீதத்துக்குள். ஸ்டேட்டினால் 30 முதல் 50 சதவீதமும் அதற்கு மேலும். ஆகவே இரண்டும் எதிரிகள் அல்ல, இடம் வேறு. ஆனால் உணவைத் தனிமனிதரின் நாவடக்கமாக மட்டும் பார்ப்பது அறமாகாது. 2007 முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் மானிய விலையில் பாமாயில் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. எண்ணெய் வாங்க வழியில்லாத வீட்டுக்கு அது பேருதவி. பாமாயிலின் கொழுப்பில் ஏறக்குறைய பாதி நிறைவுற்றது என்பதும், நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றும் என்பதும் உடன் சொல்லப்பட வேண்டியவை. கடலை எண்ணெய் தாருங்கள், தேங்காய் எண்ணெய் தாருங்கள் என்று உழவர்கள் கேட்டு வருகின்றனர். முதலாவது கோரிக்கைக்கு உடல்நலக் காரணமும் துணை நிற்கும். இரண்டாவதற்கு நிற்காது, தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைவிட மிகுதி. எண்ணெய் நம்முடையது என்பதனாலேயே இதயத்துக்கு நன்மையாகிவிடாது.

*

தமிழ்நாட்டின் பொதுச்சுகாதார அமைப்பு வலுவற்றதன்று. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து சீராகச் சென்று சேர்ந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம் திட்டம்' நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அடோர்வாஸ்டாட்டினும் உடனே தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழி செய்தது. செட்டிகுளம் போன்ற ஊரிலிருந்து திருச்சிக்கு ஆம்புலன்ஸ் செல்லும் நேரத்தில் அந்தச் சில மாத்திரைகள் உயிருக்கும் இழப்புக்கும் நடுவில் நிற்கக்கூடும்.

ஆனால் ஒன்றை யோசிப்போம். அந்த அடோர்வாஸ்டாட்டின் நெஞ்சு வலித்த அன்றுதான் அவர் கைக்கு முதன்முதலில் வருகிறது என்றால், பத்தாண்டு தாமதமாக வருகிறது. அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தரும் அதே கை, தகுதியுடையவருக்கு இதையும் சேர்த்துத் தர வேண்டும். தருகிற இடங்களில் தொடரட்டும். தராத இடங்களில் தொடங்கட்டும். ஊர்தோறும் ஆய்வகம் இல்லையே என்பது தடையாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட இடர் அட்டவணைகளில் ஒரு வகை, கொலஸ்ட்ரால் பரிசோதனையே இல்லாமல் வயது, பால், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், உடற்பருமன் ஆகியவற்றைக் கொண்டு ஒருவரின் இடரைக் கணிக்கிறது. ஒரு செவிலியர் திண்ணையில் அமர்ந்து செய்யக்கூடிய கணக்கு அது. பரிசோதனைக்கு வாய்ப்புள்ள இடத்திலும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லை என்று 2024 நெறிகள் சொல்லிவிட்டன. விடியலில் காட்டுக்குப் போகும் கூலிக்காரருக்கு இது பெரிய சலுகை. அரை நாள் கூலியை இழக்காமல் இரத்தம் கொடுக்கலாம்.

இவையெல்லாம் அரசும் மருத்துவரும் செய்ய வேண்டியவை. மொழியைக் கையாளும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'கொழுப்பு மாத்திரை' என்ற பெயரை நாம் கைவிட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை மக்கள் 'பிரஷர் மாத்திரை' என்கிறார்கள். தொடர்ந்து எடுக்க வேண்டியது என்பதையும் அப்பெயரோடு சேர்த்தே அறிந்துவைத்திருக்கிறார்கள். ஸ்டேட்டினுக்கு மட்டும், கரைந்தால் தீர்ந்துபோகும் ஒரு பொருளின் பெயரைச் சூட்டிவிட்டோம். 'மாரடைப்புத் தடுப்பு மாத்திரை' என்று சொல்லிப் பாருங்கள். எலும்பும் தோலுமாய் இருப்பவருக்கும் அது பொருந்தும். தாளில் எண் குறைந்த பின்னும் பொருந்தும். உண்டு கொழுத்தவன் என்ற பழி அதில் இல்லை. எதற்காக விழுங்குகிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது. நோயைக் குறிக்க வேண்டுமானால் கொலஸ்ட்ரால் என்றே சொல்லலாம். ஊரார் வாய்க்கு அது எப்போதோ பழகிவிட்டது. தூய தமிழ்ச்சொல் ஒன்று தவறான பொருளைச் சுமந்து ஆளைக் கொல்லுமானால், அங்கே பிறமொழிச் சொல்லே மேல் என்று கருதுவோம். தமிழ்ப்பற்றுடைய நண்பர்கள் இதற்காக நம்மைக் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

செட்டிகுளத்து வெங்காயம் சாம்பாருக்கு நல்லது. பழைய சோற்றுக்கும் நல்லது. விளைவித்தவருக்கு நல்ல விலை கிடைத்தால் இன்னும் நல்லது. அதை விளைவிக்கும் மெலிந்த கைகளுக்குரியவர், தம் நெஞ்சுக்குள் நடப்பதை ஒரு வசைச்சொல்லின் வழியே அன்றி அதன் சொந்தப் பெயரால் கேட்டறியும் உரிமை உடையவர். அந்தப் பெயரை அவரிடம் கொண்டு சேர்ப்பதில் மருத்துவருக்கு இருக்கும் பொறுப்பில் பாதியாவது எழுதுகிறவர்களுக்கும் உண்டு.